அரசியலாரின் மனமகிழ் மன்றங்கள்



தாய்த் தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வாழும் தமிழ் மக்களுக்கு, சிறப்பாக அந்தமானில் விமான நிலையத்தை அடுத்துள்ள லம்பா லைன் போன்ற குடியிருப்புகளில் வாழ்வோருக்கு, இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். அரசியலிலும் ஆட்சியிலும் செல்வாக்குடையோர் மாலை வேளைகளில் கூடிப் பேசவும், உண்ணவும், சீட்டாடவும் அமைத்துக்கொண்ட தனியார் மன்றங்களின் வரலாறே அப்பொருள். 'கிளப்' என்று பொதுமக்கள் வழங்குவதும் அதனையே.

'அவர்கள் சீட்டாடினால் நமக்கென்ன?' என்று சிலர் வினவக்கூடும். சட்டங்கள் சபையிலே இயற்றப்படுகின்றன என்பது உண்மையே. ஆயினும் சபைக்கு வருமுன்னரே பல செய்திகள் வேறோரிடத்தில் பேசி முடிவாகிவிடுவதும் உண்டு. அவ்வேறிடம் எது, அதனுள் புகத் தக்கவர் எவர், தகாதவர் என விலக்கப்பட்டவர் எவர் என்பவற்றை அறியாத குடிமகன் அரசியலில் ஒரு பாதியை மட்டுமே அறிந்தவன் ஆவான். ஆதலின் இவ்வரலாறு நம் அனைவர்க்கும் உரியது.

முதற்கண், கிளப் என்பது இயங்கும் முறையைக் காண்போம். கட்டணம் செலுத்திய எவரும் அதில் சேர்ந்துவிட இயலாது. உள்ளே இருக்கும் உறுப்பினர் ஒருவர் புதியவரின் பெயரை முன்மொழிதல் வேண்டும். மற்றொருவர் வழிமொழிதல் வேண்டும். பின்னர் இரகசிய வாக்கெடுப்பு நடைபெறும். பழைய ஆங்கில கிளப்புகளில் ஒரு பெட்டியுள் வெள்ளைக் குண்டோ கருங்குண்டோ இட்டு வாக்களித்தனர். கருங்குண்டுகள் சில விழுந்துவிட்டால் அப்பெயர் தள்ளப்படும். இட்டவர் யார் என்பது வெளிவராது. காரணம் கூற வேண்டிய கடமையும் எவருக்கும் இல்லை. கிளப்பின் இனிமையும் குறையும் ஆகிய இரண்டும் இந்த ஒரு முறையிலேயே அடங்கியுள்ளன. ஒருவரையொருவர் நம்பும் மனிதர் மட்டுமே உள்ளே இருப்பதால் மனம் விட்டுப் பேச முடிகிறது. அதே காரணத்தால், வெளியே நிற்பவர் ஏன் வெளியே நிற்கிறார் என்பதற்கு விடை கிடைப்பதில்லை.

அரசியல் கிளப் என்பதற்கு உலகம் காட்டும் முதல் எடுத்துக்காட்டு இலண்டன் மாநகரின் கார்ல்டன் கிளப் ஆகும். இது 1832-ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்வாண்டில்தான் இங்கிலாந்தில் வாக்குரிமையை விரிவாக்கிய சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. அதனை எதிர்த்துத் தோல்வியுற்ற டோரிக் கட்சியினர் தம்மை மீண்டும் ஒன்றுதிரட்டிக்கொள்ள இடம் ஒன்று தேடினர். அத்தேவையிற் பிறந்ததே கார்ல்டன். எதிர்த்தரப்பினர் 1836-இல் ரிஃபார்ம் கிளப்பை நிறுவினர்.

விருந்துண்ணும் மண்டபம் ஒன்று கட்சிக்கு எவ்வாறு பணியாற்றிற்று என்பதை விளக்குதல் வேண்டும். புதிய சட்டத்தின்படி, வாக்காளரின் பெயர் பதிவேட்டில் இருந்தாலன்றி அவர் வாக்களிக்க இயலாது. ஆகவே தம் ஆதரவாளர் பெயரைச் சேர்த்தலும், எதிரிகளின் ஆதரவாளர் பெயரில் தடை எழுப்புதலும் கட்சிகளுக்கு அன்றாட வேலையாயின. ஊர்தோறும் உள்ள முகவர்களோடு கடிதத் தொடர்பு கொள்ளவும், தொகுதிகளுக்கு வேட்பாளர் தேடவும், பணம் திரட்டவும் ஓர் அலுவலகம் தேவையாயிற்று. கட்சிக்கெனத் தனி அலுவலகம் இல்லாத அக்காலத்தில் கிளப்பே அதுவாயிற்று. கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமை அலுவலகம் 1870-இல் ஏற்படும் வரையில் இந்நிலை நீடித்தது.

பின்னரும் கார்ல்டனின் வலிமை குன்றவில்லை. 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் அங்கு நடந்தது இன்றளவும் பேசப்படுகிறது. அப்போது பிரதமராயிருந்தவர் லாயிட் ஜார்ஜ். லிபரல் கட்சியைச் சேர்ந்த அவர், கன்சர்வேட்டிவ் உறுப்பினரின் துணையோடு கூட்டாட்சி நடத்தி வந்தார். அக்கூட்டைத் தொடர்வதா என்பதை முடிவு செய்யக் கன்சர்வேட்டிவ் தலைவர் ஆஸ்டின் சேம்பர்லின் தம் கட்சியினரைக் கார்ல்டன் கிளப்பில் கூட்டினார். ஸ்டான்லி பால்ட்வினும் போனார் லாவும் கூட்டாட்சியை எதிர்த்துப் பேசினர். வாக்கெடுப்பில் பெரும்பாலோர் கூட்டை முறித்துக்கொள்ள விரும்பினர். அன்றைய தினமே லாயிட் ஜார்ஜ் பதவி விலகினார். ஒரு பேரரசின் அமைச்சரவை, நாடாளுமன்றத்தில் தோல்வியடையாமலே, ஒரு கிளப்பின் அறையில் நடந்த வாக்கெடுப்பால் வீழ்ந்தது. எனினும் நவம்பர் 15-ஆம் நாள் பொதுத்தேர்தல் நடைபெற்று, அறையில் எடுத்த முடிவு மக்கள் முன் வைக்கப்பட்டது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. அக்கிளப்பில் பெண்கள் முழு உறுப்பினராவதற்கு 2008-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் அறியத்தக்கது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கார்ல்டன் தோன்றிய அதே 1832-ஆம் ஆண்டில் சென்னையில் மெட்ராஸ் கிளப் நிறுவப்பட்டது. மவுண்ட் ரோடை ஒட்டி அமைந்திருந்த அதன் பழைய வளாகம் பிற்காலத்தில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழின் இல்லமாயிற்று. இன்று எக்ஸ்பிரஸ் அவென்யூ என்னும் பேரங்காடி அங்கே நிற்கிறது. இங்கிலாந்தின் கிளப்புக்கும் சென்னையின் கிளப்புக்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கதவு கட்சியை நோக்கியது. இங்கே நிறத்தை நோக்கியது. ஆட்சி செய்த வெள்ளையர் கூடும் இடத்தில் ஆளப்பட்ட நாட்டினர் எவருக்கும் உறுப்பினராகும் உரிமை இல்லை.

இதன் பொருளை உணர ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வறிய குடும்பத்திற் பிறந்து, தம் அறிவொன்றையே துணையாகக் கொண்டு உயர்ந்த திருவாரூர் முத்துசாமி ஐயர், சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். அந்நியமனத்தை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இகழ்ந்தன. அதற்கு விடையிறுக்கவே 1878-இல் திருவல்லிக்கேணி இளைஞர் அறுவர் 'இந்து' பத்திரிகையைத் தொடங்கினர். அத்தகைய நீதிபதி, பகலில் ஆங்கில நீதிபதிகளுக்குச் சமமாக ஆசனத்தில் அமரலாம். உயிர் பற்றிய வழக்குகளிலும் தீர்ப்புக் கூறலாம். மாலையில் அவர்கள் செல்லும் கிளப்பிலோ அவருக்கு இடமில்லை. சட்டம் அளித்த சமத்துவம் கிளப்பின் வாயிலோடு நின்றுவிட்டது. மெட்ராஸ் கிளப் 1963-இல் அடையாற்றங்கரையிலிருந்த அடையாறு கிளப்போடு இணைந்தது. இந்தியருக்கு அக்கதவுகள் திறந்ததும், நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்தபின், அந்த 1960-களில்தான்.

கதவடைக்கப்பட்டவர் என் செய்தனர்? இரு வழிகளை மேற்கொண்டனர். ஒன்று, தமக்கும் ஒரு கிளப் அமைத்துக்கொள்ளுதல். 1873-இல் சென்னையில் தோன்றிய காஸ்மாபாலிட்டன் கிளப் அவ்வழியைச் சார்ந்தது. எந்நாட்டவரும் சேரலாம் என்பதைப் பெயரிலேயே கூறும் அம்மன்றத்தில் இந்திய நீதிபதிகளும் வழக்கறிஞரும் ஜமீன்தார்களும் கூடினர். மற்றொன்று, பொதுச் சபை காணுதல். 1884-இல் எம். வீரராகவாச்சாரியார், ஜி. சுப்பிரமணிய ஐயர், பி. அனந்தாசார்லு ஆகியோர் சென்னை மகாஜன சபையை நிறுவினர். குறைகளை எழுத்தில் வடித்து, தீர்மானமாக நிறைவேற்றி, அரசாங்கத்திற்கு அனுப்பி, பத்திரிகையிலும் வெளியிடுவது அச்சபையின் முறை. கிளப்பில் பேசியது காற்றோடு போகும். சபையில் பேசியது ஏட்டில் நிற்கும். இவ்விரு வழிகளுக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாடே நம் நாட்டு அரசியலின் பிற்கால வளர்ச்சிக்குத் திறவுகோல் ஆகும்.

இந்தியர் அமைத்த மன்றங்களிலும் குறுகிய வட்டங்கள் தோன்றாமலில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசியலை 'மயிலாப்பூர்க் குழு' என்றும் 'எழும்பூர்க் குழு' என்றும் பிரித்துப் பேசினர். வி. கிருஷ்ணசாமி ஐயர், பி. எஸ். சிவசாமி ஐயர் முதலியோர் முன்னதைச் சேர்ந்தவர், சி. சங்கரன் நாயர், கஸ்தூரிரங்க ஐயங்கார் முதலியோர் பின்னதைச் சேர்ந்தவர். கொள்கையைவிட வாழும் இடமும், உறவும், வழக்கறிஞர் தொழிலில் இருந்த போட்டியுமே அவர்களைப் பிரித்தன என்று வரலாற்றாசிரியர் கருதுவர். பல்கலைக்கழகப் பதவிகளும் நிருவாக சபைப் பதவிகளும் இவ்வட்டங்களிலுள்ளோர்க்கே மிகுதியும் கிடைத்தன.

இவ்வட்டங்களுக்கு வெளியே நின்றோரின் மனக்குறை 1916-இல் அரசியல் வடிவம் பெற்றது. பி. தியாகராய செட்டியார், டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் ஆகியோர் முன்னின்று தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை, அதாவது நீதிக்கட்சியைத் தொடங்கினர். ஆயினும் வகுப்புக் கதவைத் தட்டித் திறந்த அக்கட்சியும் காலப்போக்கில் ஜமீன்தார்களும் பட்டம் பெற்ற கனவான்களும் கூடும் மன்றமாகவே தோற்றமளித்தது. 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசிடம் பெருந்தோல்வியும் கண்டது. 1944-இல் சேலத்தில் கூடிய மாநாட்டில், 'சர்', 'ராவ் பகதூர்' போன்ற அரசாங்கப் பட்டங்களைக் கட்சியினர் துறக்க வேண்டும் என்று சி. என். அண்ணாதுரை கொணர்ந்த தீர்மானம் நிறைவேறிற்று. கட்சியும் திராவிடர் கழகம் எனப் பெயர் மாறிற்று.

'கழகம்' என்னும் சொல்லின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்தில் அச்சொல் சூதாடும் இடத்தைக் குறித்தது. பின்னர்க் கற்றோர் கூடும் அவைக்குப் பெயராயிற்று. நம் காலத்திலோ இலட்சக்கணக்கான மக்கள் சேரும் கட்சிகளுக்கு வழங்குகிறது. சீட்டாட்ட மேசையிலிருந்து பொதுக்கூட்ட மேடை வரை அரசியல் நடந்து வந்த வழியை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

அரசியலைக் கிளப்பிலிருந்து வெளிக்கொணர்ந்த பெருமை எந்த ஒரு கட்சிக்கும் தனியுரிமை அன்று. 1908-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சொற்பொழிவுகளைக் கேட்கத் தொழிலாளர் திரண்டனர். சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் திலகர் கட்டம் என்னும் இடம் தேசியவாதிகளின் திறந்தவெளி மன்றமாயிற்று. 1949-இல் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையினிடையே நடந்த கூட்டத்தில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. கடற்கரைக்கும் பூங்காவிற்கும் முன்மொழிபவர் தேவையில்லை, கருங்குண்டும் இல்லை.

இவ்வரலாற்றில் அந்தமானுக்கும் ஓர் இடமுண்டு. ஆபர்தீன் துறையிலிருந்து நோக்கினால் கண்ணெதிரே தோன்றும் ராஸ் தீவு, 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என வழங்குகிறது. 1858-இல் தண்டனைக் குடியிருப்பு ஏற்பட்டது முதல் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆங்கில நிருவாகத்தின் தலைமையிடமாக விளங்கியது அச்சிறு தீவே. அரசாங்க மாளிகை, தேவாலயம், ரொட்டிச் சாலை, டென்னிஸ் ஆடுகளம், நீச்சல் குளம் ஆகியவற்றோடு கிளப்பும் அங்கே இருந்தது. உயர் அலுவலர்க்கு ஒன்றும், கீழ்நிலை அலுவலர்க்கு வேறொன்றும் எனத் தனித்தனியே அமைத்திருந்தனர். வெள்ளையருக்கும் மற்றையோருக்கும் இடையே மட்டுமன்றி, ஆள்வோருக்குள்ளேயே மேலோர் கீழோர் என்ற வேலி இருந்தமை இதனாற் புலனாகும். இத்தீவுகளில் எவருக்கு எங்கே வேலை, எவருக்கு என்ன தண்டனை என்று முடிவு செய்த கைகள் மாலையில் அக்கிளப்புகளில்தான் ஓய்வு கொண்டன. 1941-ஆம் ஆண்டு நிலநடுக்கமும் அடுத்த ஆண்டு ஜப்பானியர் படையெடுப்பும் அவ்வாழ்வுக்கு முடிவு கட்டின. இன்று அக்கட்டடச் சுவர்களை மரங்களின் வேர்கள் பற்றி நிற்பதைச் சுற்றுலா செல்வோர் காண்கின்றனர்.

கிளப்பின் மூடிய கதவு மக்கள் மனத்தில் எத்தகைய சினத்தை மூட்டிற்று என்பதற்குச் செல்லுலர் சிறையே சான்று. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், வங்காளத்துச் சிட்டகாங் நகரில் சூரிய சென் தலைமையில் புரட்சியாளர் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினர். அவர்கள் திட்டத்தில் ஐரோப்பியர் கிளப்பும் ஓர் இலக்காக இருந்தது. அன்று புனித வெள்ளியாதலின் கிளப் வெறுமையாய்க் கிடந்தது. 1932 செப்டம்பரில் அவ்வூரின் பகார்தலி ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கிய பிரீதிலதா வதேதார் என்னும் இளம்பெண், பிடிபடாதிருக்க நஞ்சுண்டு மாண்டார். நாய்களுக்கும் இந்தியருக்கும் அனுமதியில்லை என்ற பலகை அவ்வாயிலில் தொங்கியதாகக் கூறுவர். சிட்டகாங் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கணேஷ் கோஷ், அனந்த சிங், லோகநாத் பால் முதலியோர் செல்லுலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். வன்முறை வழியை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு பொழுதுபோக்கு மன்றம் கோட்டைக்கும் ஆயுதக் கிடங்குக்கும் ஈடான இலக்காக ஏன் கருதப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவமதிப்பின் முகவரியாக மக்கள் அதனைக் கண்டனர்.

விடுதலைக்குப் பின் நம் நாடு அரசியலார்க்கென வேறு வகையானதொரு மன்றத்தைக் கண்டது. அதுவே புதுதில்லியிலுள்ள கான்ஸ்டிடியூஷன் கிளப், அதாவது அரசியலமைப்பு மன்றம். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் சபைக்கு வெளியே கூடிப் பழகுவதற்காக 1947-இல் அது தோன்றியது. அச்சபையில் நம் சென்னை மாகாணத்திலிருந்து சென்றோரை எண்ணிப் பாருங்கள். சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இருந்தார். உயர்கல்வி காணாத, மக்களிடையே வளர்ந்த காமராசர் இருந்தார். தாழ்த்தப்பட்டோர் தலைவர் வி. ஐ. முனுசாமிப் பிள்ளை இருந்தார். அச்சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினரான தாட்சாயணி வேலாயுதனும் இருந்தார். பழைய மெட்ராஸ் கிளப் இவர்களில் ஒருவரையும் உறுப்பினராக்கியிராது. இப்புதிய மன்றத்திற்கு நுழைவுச் சீட்டு, நாட்டின் சார்பில் அமரும் பிரதிநிதித்துவமே.

1965-இல் ரஃபி மார்க் சாலையிலுள்ள வித்தல்பாய் பட்டேல் இல்ல வளாகத்தில் அம்மன்றத்தின் கட்டடத்தைக் குடியரசுத் தலைவர் டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இந்நாள் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதில் சேரலாம். மக்களவைத் தலைவர் பதவிவழியாக அதன் தலைவர். 2025 ஆகஸ்டில் அதன் செயலர் பதவிக்கு நடந்த தேர்தலில் ஆளுங்கட்சியைச் சேர்ந்த இருவரே எதிரெதிரே நின்றனர். எதிர்க்கட்சித் தலைவர்களும் நேரில் வந்து வாக்களித்தனர். ராஜீவ் பிரதாப் ரூடி வெற்றி பெற்றார். கட்சி வேலிகளைக் கடந்த நட்பும் போட்டியும் அத்தகைய மன்றத்தில் நிகழ்தல் இயல்பே.

அந்தமானுக்கும் அம்மன்றத்தின் வாயில் உடனே திறந்துவிடவில்லை. இத்தீவுகளிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தனிப் பிரதிநிதி எவரும் செல்லவில்லை. 1952 முதல் மக்களவையில் ஓர் இடம் கிடைத்தது. ஆயினும் அவ்வுறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. குடியரசுத் தலைவரே நியமித்தார். முதலில் நியமிக்கப்பட்டவர் கார் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். 1967-ஆம் ஆண்டில்தான் இத்தீவு மக்கள் நேரே வாக்களித்து கே. ஆர். கணேஷ் என்பவரை அனுப்பினர். அவர் பின்னர் மத்திய அரசில் இணை அமைச்சரும் ஆனார். அதே 1967-இல் கல்கத்தாவிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் ஒருவர், முன்பு செல்லுலர் சிறையில் அடைபட்டிருந்த அதே கணேஷ் கோஷ். ஐரோப்பியர் கிளப்பைக் குறிவைத்த குழுவின் கைதி, நாட்டின் சட்டமியற்றுவோர் அவையில் இடம்பெற்றார். முப்பத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தின் பெயரே மக்களாட்சி.

இவ்வளவும் கூறியபின், கிளப் என்பது நன்றா தீதா என்ற வினா எஞ்சி நிற்கிறது. எதிர்த்தரப்பினர் ஒரு மேசையில் அமர்ந்து காப்பி அருந்திப் பேசுவதால் பகை தணியும், பிணக்குகள் தீரும். இதனை மறுக்க இயலாது. தீமை தோன்றும் இடங்கள் இரண்டு. நுழைவு விதி மறைவாக இருப்பது ஒன்று. இறுதி முடிவையும் உள்ளேயே எடுத்துவிட்டு மக்களுக்கு அறிவிக்காதிருப்பது மற்றொன்று.

இதற்கு அளவுகோல் தேடி நாம் இலண்டன் செல்ல வேண்டுவதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து வாரிய உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்த விதத்தை அவை விரித்துரைக்கின்றன. சபையோர் அனைவரும் காணுமாறு, ஒரு சிறுவனைக் கொண்டு குடத்திலிருந்து ஓலையை எடுத்தனர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியிழந்தனர். அச்சபையும் எல்லார்க்கும் திறந்ததன்று. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே இடமளித்தது. அக்குறையை நாம் மறைக்கலாகாது. எனினும் யார் வரலாம், யார் வரலாகாது, எத்தனை நாள் பதவி என்பவற்றைக் கோயிற் சுவரிலே கல்லில் வெட்டி ஊரறிய வைத்தனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரால் இயன்ற அவ்வெளிப்படை இன்றைய மன்றங்களுக்கும் இயலும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. மாநிலங்களவையில் இடமில்லை. மக்களவையில் ஓர் உறுப்பினர் மட்டுமே உண்டு. இத்தகைய இடத்தில் அலுவலரும் பிரமுகரும் தனித்துப் பேசும் சொல்லுக்கு வலிமை மிகுதி. ஆதலின், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயர் நகரில் வாழ்வோர்க்கு, நகராட்சிக் கூட்டங்களும் பொதுச் சங்கங்களும் பெருநகரத்தாருக்கு இருப்பதைவிட இன்றியமையாதவை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் ஊர்தோறும் தமிழ்ச் சங்கம் வைத்துள்ளோம். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். அச்சங்கங்களும் நாளடைவில் நான்கு குடும்பங்களின் கிளப்பாகிவிடக் கூடும். கப்பலிலிருந்து இன்று இறங்கிய தொழிலாளியும், நேற்று வேலை மாற்றலாகி வந்த ஆசிரியையும் அங்கே உறுப்பினராக முடிகிறதா? சந்தா எவ்வளவு, வரவு செலவு என்ன, தேர்தல் எந்நாள் என்பவை அறிவிப்புப் பலகையில் உள்ளனவா? லம்பா லைனில் வாழ்வோரும், மும்பையிலும் பெங்களூரிலும் வாழ்வோரும் தத்தம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இவ்வினாக்களை எழுப்புவார்களாக. விடைகளை ஒரு தாளில் எழுதி வாயிலில் ஒட்டினாலே போதும். கல்லில் வெட்ட வேண்டுவதில்லை.